ஜெயிச்ச கேஸ், வராத காசு: வாசகர் கேள்விகளுக்கு கிராணி அக்கா பதில்கள்

போன மாசம் ஜாமின் கையெழுத்து பத்தி எழுதுனதுக்கு அப்புறம் கடுதாசியும் வாட்ஸ்அப்பும் குவிஞ்சு போச்சு, அதுல பாதிக்கு மேல ஒரே கேள்விதான், கேஸ்ல ஜெயிச்சாச்சு ஆனா காசு வரல, இப்ப என்ன பண்றது. அதனால மத்த கேள்வி எல்லாம் ஒதுக்கி வச்சுட்டு இந்த தடவை இதுக்கு மட்டும் பதில். புதுசா படிக்கிறவங்களுக்கு சொல்லிடுறேன், நான் லாயர் இல்ல. மலேசியாவுல, பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட்லயும் கோலகங்சார்லயும் லாயர் ஆபிஸ்ல 29 வருஷம் கிராணியா, அதாவது கிளார்க்கா இருந்தவ. பேப்பர் டைப் அடிச்சது, கோர்ட்ல கொண்டு போய் பைல் பண்ணது, பெய்லிஃப், அதாவது தீர்ப்ப நிறைவேத்த சாமானை எடுக்க போற கோர்ட் ஆளு, அவரு கூட லோரியில போய் அடுத்தவங்க வீட்டு வாசல்ல நின்னது எல்லாம் பண்ணியிருக்கேன். அந்த அனுபவத்துல எழுதுறேன், உங்க கேஸுக்கு கடைசி வார்த்தை லாயர்கிட்டதான் கேக்கணும்.

கேள்வி: வணக்கம் தங்கச்சி, வயசுல மூத்தவன்றதால அப்படி கூப்புடுறேன். தோட்டத்துல பொறந்து வளந்து செம்பனை லோரி ஓட்டி ரிட்டையர் ஆனவன் நான். இபிஎப் (சேமநிதி) காசை எடுத்து தாமான் (குடியிருப்பு) வீட்டுக்கு பின்னால அடுப்படி இழுத்து கட்ட ஒரு கண்டிராக்டர்கிட்ட 38,000 வெள்ளி (ரிங்கிட்) குடுத்தேன். நம்மாளுதான், கோயில்ல பாத்து பழக்கம். நாலு தூண நிறுத்திட்டு போனவன் திரும்பி வரல. கேஸ் போட்டேன், அவன் கோர்ட்டுக்கே வரல, எனக்கு சாதகமா தீர்ப்பு ஆயிடுச்சு. லாயருக்கு இது வரைக்கும் 7,500 ஆச்சு. பெய்லிஃப் போனா வீடு பொண்டாட்டி பேர்ல இருக்கு, காடி (கார்) பேங்க் லோன்ல இருக்கு, உள்ள இருக்க சாமான் எல்லாம் மாமியாரோடதுங்கறாங்க. ஆனா போன மாசம் மக கல்யாணத்த மண்டபம் எடுத்து பண்றான் தங்கச்சி, நான் அந்த வழியாத்தான் மோட்டார்ல போனேன். இன்னும் 4,000 கட்டுனா அடுத்த ஸ்டெப் போகலாம்னு லாயர் சொல்றாரு. விட்டுடுங்கப்பான்னு மகன் சொல்றான். இதுக்கு நடுவுல நாலு பேர் முன்னாடி என்னை பொய்யன்னு வேற பேசியிருக்கான், அதுக்கு மான நஷ்ட கேஸ் தனியா போடலாமான்னு தோணுது. என்ன பண்ண?
ரிட்டையர் லோரி டிரைவர், சுங்கை சிப்புட்

பதில்: அண்ணே, புது கேஸ் வேண்டாம், அதை முதல்ல சொல்லிடுறேன். உங்களுக்கு வலிக்குதுன்னு புரியுது, ஏமாந்தவரையே பொய்யன்னு சொன்னா யாருக்குத்தான் ரத்தம் கொதிக்காது. ஆனா 38,000க்கு வந்த தீர்ப்பையே மதிக்காதவன் மான நஷ்டத்துக்கு இன்னொரு தீர்ப்பு வந்தா மட்டும் பணத்த எண்ணி வைக்க போறானா? கையில இப்ப ஒரு பேப்பர் இருக்கு, அப்ப ரெண்டு பேப்பர் இருக்கும், இபிஎப்ல மிச்சம் இருக்கறதும் போயிருக்கும். மான நஷ்ட கேஸ்ல சாட்சி வேணும், நாள் கணக்கா விசாரணை நடக்கும், இந்த 7,500 எல்லாம் அதுக்கு பத்தாது.

நம்ம ஜனங்க நெறய பேருக்கு ஒரு நெனப்பு இருக்கு, தீர்ப்பு வந்துட்டா கோர்ட்டே போய் காசை வாங்கி குடுத்துடும்னு. நானும் வேலைக்கு சேர்ந்த புதுசுல அப்படித்தான் நெனச்சேன். அப்படி இல்ல. இவன் உங்களுக்கு இவ்வளவு தரணும்னு கோர்ட் சொல்லும், அதோட கோர்ட் வேலை முடிஞ்சுடும். வசூல் பண்றது உங்க தலையில. ஒவ்வொரு படியும் நீங்களா மனு போடணும், கட்டணம் கட்டணும், அவன்கிட்ட என்ன இருக்குன்னு நீங்கதான் கண்டுபிடிச்சு கோர்ட்டுக்கு காட்டணும். இதை கேஸ் போடுறதுக்கு முன்னாடியே யாராச்சும் உங்க கிட்ட சொல்லியிருக்கணும், சொல்லாம விட்டது தப்புன்னுதான் நான் சொல்வேன், நான் வேலை செஞ்ச ஆபிஸ்ல கூட எல்லாருக்கும் சொன்னோம்னு மனசார சொல்ல முடியாது.

எங்கப்பாவும் பால்மரம் வெட்டுனவரு. ரிட்டையர் ஆன காசுல ஒரு பழைய வேன் வாங்க அட்வான்ஸ் குடுத்து ஏமாந்தாரு, கேஸ் போட்டு ஜெயிச்சாரு. மாசம் 50 வெள்ளி கட்ட சொல்லி ஆர்டர் ஆச்சு, மூணு மாசம் வந்துச்சு, அதோட நின்னு போச்சு. அந்த தீர்ப்பை பிஸ்கட் டின்ல பத்திரமா வச்சிருந்தாரு, அவர் காலமானதுக்கு அப்புறம் நான்தான் எடுத்து பாத்தேன், மடிச்ச மடிப்பு கிழிஞ்சு போய் நாலு துண்டா இருந்துச்சு. நான் இந்த வேலையில இத்தனை வருஷம் இருந்ததுக்கு அதுவும் ஒரு காரணம். அதனால உங்க கடுதாசியை நான் சும்மா படிக்கல அண்ணே.

சரி, 4,000 விசயத்துக்கு வர்றேன். கட்டுறதா வேண்டாமான்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி அது எந்த ஸ்டெப்புக்குன்னு லாயர்கிட்ட கேளுங்க. "அடுத்த ஸ்டெப்"னு பொதுவா சொன்னா விடாதீங்க, ஏன்னா பல வழி இருக்கு, உங்க ஆளுக்கு ஒண்ணு ரெண்டுதான் வேலைக்கு ஆகும்.

திரும்பவும் பெய்லிஃப் அனுப்பறதுக்குன்னா வேண்டாம். ரிட் ஆஃப் சீஷர் அண்ட் சேல்னு சொல்வாங்க, சாமானை பூட்டி சீல் வச்சு ஏலம் விடுறது. டெபாசிட் கட்டணும், சாமான் ஏத்த லோரி, பூட்டு திறக்க ஆளு, எல்லாம் உங்க செலவு. நான் கூட போன வீடுகள்ல பழைய சோபா, டிவி, வாஷிங் மெஷின், இவ்வளவுதான் இருக்கும், ஏலத்துல அது லோரி வாடகைக்கே பத்தாம போன நாள் உண்டு. மூணாவது ஆள் வந்து இது என்னுதுன்னு சொன்னா அதுக்கு தனியா ஒரு விசாரணை வேற நடக்கும், அதுவும் செலவுதான். லோன்ல இருக்க காடி சட்டப்படி பேங்க்குக்கு சொந்தம், கடைசி தவணை கட்டுற வரைக்கும் அதுல உங்களால கை வைக்க முடியாது. அவனோட இபிஎப்பையும் தொட முடியாது, 1991 இபிஎப் சட்டமே அதை பாதுகாக்குது, அது நியாயம்தான், நாளைக்கு நம்ம யார் மேலயாச்சும் தீர்ப்பு வந்தாலும் அதே பாதுகாப்புதான் நமக்கும்.

வீடு பொண்டாட்டி பேர்ல இருக்குன்னு சொன்னீங்களே, எப்போல இருந்து இருக்குன்னு பாத்தீங்களா? பெஜாபாட் தானால (நில அலுவலகம்) கட்டணம் கட்டி ஒரு கரியான், அதாவது பதிவுல தேடுன விவரம், எடுங்க, கிராண்ட்ல (நில பட்டா) பேர் எப்ப மாறுச்சுன்னு தேதியோட வரும். ஆரம்பத்துல இருந்தே அந்த அம்மா பேர்ல வாங்குனதுன்னா அதை மறந்துடுங்க, அவங்க புருஷன் கடனுக்கு அவங்க வீட்டை எடுக்க முடியாது. ஆனா உங்க கிட்ட காசை வாங்குனதுக்கு அப்புறம், இல்ல சம்மன் போனதுக்கு அப்புறம் அவன் பேர்ல இருந்து மாத்தியிருந்தான்னா அது வேற கதை, கடன் குடுத்தவர ஏமாத்த பேர் மாத்துனான்னு வாதாட வழி உண்டு. அந்த ஒரு தேதி தெரியாம 4,000 கட்டாதீங்க.

அடுத்தது திவால். ஊர்ல எல்லாரும் இதைத்தான் சொல்லி பயமுறுத்துவாங்க, "பேங்கரப் போட்டுருவேன்"னு. உங்க தொகைக்கு அது முடியாது. முன்னாடி 30,000 வெள்ளி கடன் இருந்தாலே திவால் மனு போடலாம், 2017ல அதை 50,000 ஆக்குனாங்க, 2021 செப்டம்பர்ல இருந்து 1 லட்சம் வெள்ளி. உங்க 38,000 பழைய சட்டத்துல தாண்டியிருக்கும், இப்ப தாண்டாது. இது அவன மாதிரி ஆளுங்களுக்கு வசதியா போச்சுன்னு கோவம் வரும், ஆனா அதே சட்டம்தான் நம்ம தோட்டத்து பிள்ளைங்க எத்தனையோ பேர் காடி லோனுக்கு திவால் ஆகாம காப்பாத்துது, அதையும் சொல்லணும். ஒரு சின்ன வாசல் இருக்கு, கடன் குடுத்தவங்க ஒருத்தருக்கு மேல சேர்ந்து மனு போட்டா தொகையை கூட்டி பாக்கலாம். இந்த ஆளு உங்க ஒருத்தர மட்டும் ஏமாத்தியிருப்பான்னு எனக்கு தோணல. கோயில்ல பழக்கம்னா அதே கோயில்ல இன்னும் ரெண்டு பேராச்சும் இருப்பாங்க, வெக்கத்துல வெளிய சொல்லாம. விசாரிங்க. ஆனா திவால் ஆக்குனாலும் அவன் சொத்தை வித்து கடன் குடுத்தவங்க எல்லாருக்கும் பங்கு போட்டுதான் குடுப்பாங்க, சொத்தே இல்லன்னா பங்கும் இல்ல.

அவன் சென்டிரியான் பெர்ஹாட், அதாவது பிரைவேட் லிமிடெட் கம்பெனி பேர்ல வேலை எடுத்தானா, இல்ல எண்டர்பிரைஸ் பேர்லயா? இதை நீங்க எழுதல. எண்டர்பிரைஸ்னா கடையும் அவனும் ஒண்ணு, தீர்ப்பு அவன் மேலயே பாயும். சென்டிரியான் பெர்ஹாட்னா கம்பெனி வேற ஆளு, அவன் வேற ஆளு, கம்பெனிக்கு ஒரு மேசை நாற்காலி கூட இல்லன்னா நீங்க ஜெயிச்சது அந்த காலி பெட்டி மேலதான். கம்பெனிய மூட வைக்கிற மனுவுக்கும் இப்ப கடன் 50,000க்கு மேல இருக்கணும், முன்னாடி 10,000 போதும், 2021 ஏப்ரல்ல ஏத்திட்டாங்க. எஸ்எஸ்எம்ல, அதாவது கம்பெனி பதிவு ஆணையத்துல, கொஞ்ச காசு கட்டி தேடுனா டைரக்டர் யாரு, கம்பெனி உயிரோட இருக்கா, கணக்கு காட்டியிருக்கா எல்லாம் வரும். இதை கேஸ் போடுறதுக்கு முன்னாடி பண்ணியிருக்கணும், பரவால்ல, இப்பவாச்சும் பண்ணுங்க.

இப்ப உங்களுக்கு ஆகுற ரெண்டு வழி. ஒண்ணு ஜேடிஎஸ், ஜட்ஜ்மெண்ட் டெட்டர் சம்மன். அவனை கோர்ட்டுக்கு கூப்பிட்டு சத்தியம் வாங்கி, என்ன வருமானம், எங்க வேலை, எந்த பேங்க், மக கல்யாணத்துக்கு காசு எங்க இருந்து வந்துச்சுன்னு கேள்வி கேக்கறது. அந்த மண்டப செலவு உங்க நெஞ்ச அறுக்குது இல்ல, அதை கேக்க வேண்டிய இடம் இதுதான், மோட்டார்ல அந்த வழியா திரும்ப திரும்ப போறதுல ஒண்ணும் இல்ல. மண்டபம் பேர், தேதி, எத்தனை மேசை, எல்லாம் எழுதி வச்சு லாயர்கிட்ட குடுங்க. கேட்டதுக்கு அப்புறம் மாசா மாசம் இவ்வளவு கட்டுன்னு ஆர்டர் போடுவாங்க. நேர்ல சம்மன் வாங்கிட்டு வரலன்னா கைது வாரண்ட் கேக்கலாம், ஆர்டர் போட்டும் கட்டலன்னா ஏன் உள்ள தள்ளக்கூடாதுன்னு காரணம் கேக்குற நோட்டீஸ் எடுக்கலாம். கடனுக்காக யாரையும் சும்மா ஜெயில்ல போட மாட்டாங்க, கையில வச்சுகிட்டே கட்டாம இருக்கான்னு நீங்க காட்டணும். எங்கப்பா மாதிரி மூணு மாசத்துல நின்னு போற அபாயம் இருக்கு, ஆனா நின்னதும் விடாம அடுத்த நோட்டீஸ் எடுக்கற ஆளுக்கு வந்திருக்கு, நான் பாத்திருக்கேன்.

இன்னொண்ணு கார்னிஷி. இதைத்தான் நான் ரொம்ப நம்புவேன். அவனுக்கு காசு தர வேண்டிய ஆளை பிடிக்கிறது. அவன் இப்ப எங்கயோ வேலை எடுத்து செய்யறான் இல்ல, சும்மா மண்டபம் எடுக்க முடியுமா. ஒரு கடை கட்றானா, ஒரு ஃபேக்டரில கொட்டாய் போடறானா, அந்த முதலாளி இவனுக்கு பில் பாக்கி வச்சிருப்பாரு. அந்த பாக்கியை இவன்கிட்ட குடுக்காம உங்க கிட்ட குடுக்க சொல்லி கோர்ட்ல ஆர்டர் வாங்கலாம். பேங்க் கணக்குல காசு இருந்தா அதையும் அதே மாதிரி பிடிக்கலாம், நீங்க முதல்ல காசு போட்ட அக்கவுண்ட் நம்பர் உங்க ரெசிட்லயே இருக்குமே, தேடுங்க. பொண்டாட்டி கூட சேர்ந்த ஜாயிண்ட் அக்கவுண்ட்னா கஷ்டம். அவன் மோப்பம் பிடிக்கறதுக்கு முன்னாடி செய்யணும், அதனால எந்த சைட்ல வேலை நடக்குதுன்னு தெரிஞ்சா வெளிய பேசாதீங்க, கோப்பி கடையில சொல்லாதீங்க, நேரா லாயர்கிட்ட போங்க.

ஆக 4,000 இந்த ரெண்டுல ஒண்ணுக்குன்னா, அதுவும் நீங்க ஒரு பேங்க் நம்பரோ ஒரு சைட் விலாசமோ கையில வச்சிருந்தீங்கன்னா, யோசிக்கலாம். ஒண்ணுமே தெரியாம கட்டுறதுன்னா மகன் சொல்றத கேளுங்க, இப்போதைக்கு நிறுத்துங்க. நிறுத்தறதுன்னா தோத்துட்டோம்னு இல்ல அண்ணே. தீர்ப்பு 12 வருஷம் உயிரோட இருக்கும், 5 சதவீத வட்டின்னா உங்க தொகைக்கு வருஷம் 1,900 வெள்ளி சேரும். இன்னைக்கு அவன் பேர்ல ஒண்ணும் இல்ல, நாளைக்கு அவன் அப்பா வீடு பங்கு பிரிச்சா? வருஷத்துக்கு ஒரு தடவை கரியான் எடுத்து பாருங்க, அதுக்கு ஆகுற செலவு கொஞ்சம்தான்.

ஒரு வருத்தத்தையும் சொல்லிடுறேன், உங்களுக்கு பிரயோஜனம் இல்ல, படிக்கிற மத்தவங்களுக்கு. வீட்டு வேலை, ரிப்பேர், சாமான் வாங்குனது மாதிரி கேஸ்னா டிரிபியூனல் துந்துத்தான் பெங்குனான்னு ஒண்ணு இருக்கு, பயனீட்டாளர் டிரிபியூனல். 2019ல இருந்து 50,000 வெள்ளி வரைக்கும் கேக்கலாம், விண்ணப்ப பாரம் போட 5 வெள்ளி, லாயர் கிடையாது, விசயம் நடந்து 3 வருஷத்துக்குள்ள போகணும். அங்க ஆர்டர் வந்து 14 நாள்ல கட்டலன்னா அது கிரிமினல் குத்தம், அபராதமோ ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயிலோ உண்டு. அபராதம் கவர்மெண்டுக்குத்தான் போகும், உங்களுக்கு வராது, ஆனாலும் சாதாரண கோர்ட் தீர்ப்ப கண்டு சிரிக்கற ஆளு இதுக்கு கொஞ்சம் பயப்படுவான். கோர்ட்ல ஏற்கனவே போட்ட விசயத்த டிரிபியூனல் எடுக்காது, அதான் உங்களுக்கு பிரயோஜனம் இல்லன்னு சொன்னேன்.

கேள்வி: அக்கா, சொந்தக்காரருக்கு 15,000 வெள்ளி கைமாத்தா குடுத்தேன், மாசம் 300 வட்டி தரேன்னாரு, ஆறு மாசம் தந்தாரு, இப்ப போன் எடுக்கல. கையெழுத்து போட்ட பேப்பர் இருக்கு. அவருக்கு சொந்த நிலம் இருக்கறதால காசு கண்டிப்பா வரும்தானே, கேஸ் போடலாமா?
வாசகி, தஞ்சோங் ரம்புத்தான்

பதில்: நிலம் இருக்குன்னு பாத்து வச்சிருக்கீங்களே, அது நல்லது தங்கச்சி, ஆனா பிரச்சனை வேற இடத்துல இருக்கு. வட்டி. 1951 வட்டித்தொழில் சட்டத்துல 2011க்கு அப்புறம் ஒரு விதி இருக்கு, லைசென்ஸ் இல்லாத ஆளு ஒரே ஒரு தடவை வட்டிக்கு குடுத்தாலும் அவரை வட்டிக்கு விடறவர்னு கோர்ட் எடுத்துக்கும், இல்லன்னு நிரூபிக்கறது உங்க வேலை. நிரூபிக்க முடியலன்னா அந்த பேப்பர் செல்லாது, அசலே கூட போகலாம், அதுக்கு மேல லைசென்ஸ் இல்லாம வட்டிக்கு விட்டதுக்கு உங்க மேலயே கேஸ் வரலாம். அந்த பேப்பர்ல வட்டின்னு எழுதியிருக்கான்னு பாருங்க, எழுதியிருந்தா கேஸ் போடறதுக்கு முன்னாடி கண்டிப்பா லாயர்கிட்ட காட்டுங்க. பெரியவங்கள வச்சு பேசி அசலை மட்டும் தவணையா வாங்க முடிஞ்சா அதுதான் நல்லது, வாங்குன 1,800 வட்டியை கழிச்சுக்கறேன்னு நீங்களே சொல்லுங்க.

அந்த நிலத்துக்கு கேவியட், அதாவது விக்க விடாம பண்ற தடை குறிப்பு, போடலாம்னு யாராச்சும் சொல்லியிருந்தா அதையும் நம்பாதீங்க. கேவியட் போட அந்த நிலத்துலயே உங்களுக்கு ஒரு உரிமை இருக்கணும், வெறும் காசு பாக்கிக்கு போட முடியாது, போட்டா எடுத்துருவாங்க, நஷ்டஈடும் கேப்பாங்க.

கேள்வி: கூட்டு (சீட்டு) பிடிச்ச அம்மா ஓடிட்டாங்க அக்கா. 24 பேரு, மாசம் 200. எனக்கு 20 மாசம் கட்டுன காசு போச்சு. எல்லாரும் சேர்ந்து கேஸ் போட முடியுமா?
தோட்டத்து வாசகி

பதில்: அம்மா, கூட்டுக்குன்னே நம்ம நாட்டுல 1971ல இருந்து தடை சட்டம் இருக்கு, நம்ம தமிழ் வார்த்தை "கூட்டு"தான் அந்த சட்டத்தோட பேர்லயே இருக்கு, அந்த அளவுக்கு நம்ம ஜனங்க இதுல இருந்திருக்காங்க. சட்ட விரோதமான ஒப்பந்தத்துக்கு கோர்ட்ல போய் காசு கேட்டா கோர்ட் கை குடுக்காது. அதனால சிவில் கேஸ்ல காசு போடாதீங்க. ஆரம்பத்துல இருந்தே ஏமாத்தற எண்ணத்துல பிடிச்சாங்கன்னு தோணுச்சுன்னா எல்லாரும் சேர்ந்து போலீஸ் ரிப்போர்ட் போடுங்க, யார் யார் எந்தெந்த மாசம் எவ்வளவு கட்டுனாங்கன்னு நோட்டுல இருக்கற கணக்கை போட்டோ எடுத்து வைங்க. 4,000 வெள்ளி உங்களுக்கு எவ்வளவு பெரிய காசுன்னு எனக்கு தெரியும். சுங்கை சிப்புட்டுக்காரரு, மந்திரியா இருந்த துன் சம்பந்தன், தோட்டங்கள துண்டு போட்டு வித்த காலத்துல 1960ல கூட்டுறவு சங்கம் ஆரம்பிச்சு, தொழிலாளிங்க மாசம் பத்து பத்து வெள்ளியா கட்டி தோட்டத்தையே வாங்குனாங்க. மாசா மாசம் தவறாம கட்டற பழக்கம் நம்ம கிட்ட அப்படி வந்தது. அதே பழக்கத்த வச்சுதான் இப்ப உங்கள ஏமாத்தியிருக்காங்க, அதான் எனக்கு ஆத்தாமையா இருக்கு. இனி சேக்கறதுன்னா பதிவு பண்ண கூட்டுறவு சங்கத்துல, இல்ல பேங்க்ல சேருங்க.

கேள்வி: செக்யூரிட்டி வேலை, மூணு மாச சம்பளம் தரல. லாயர் வச்சு சூ பண்ணவா?
வாசகர், சலாக்

பதில்: வேண்டாம். பெஜாபாட் தெனாகா கெர்ஜால (தொழிலாளர் அலுவலகம்) புகார் குடுங்க, கட்டணம் கிடையாது, லாயர் வேண்டாம், லேபர் கோர்ட்ல ஆர்டர் போட்டு அதை முதலாளி மதிக்கலன்னா அது குத்தம். சம்பள சிலிப், டூட்டி அட்டவணை, வாட்ஸ்அப் மெசேஜ் எல்லாம் கொண்டு போங்க. கம்பெனி கான்டிராக்ட் முடிஞ்சு ஊரை விட்டு போறதுக்கு முன்னாடி போங்க.

கேள்வி: அக்கா, நீங்க எப்பவும் காசு வர வேண்டியவங்களுக்கே எழுதறீங்க. என் பக்கம் வேற. அக்கா மகனுக்கு காடி எடுக்க ஜாமின் போட்டேன், அவன் கட்டல, காடிய பேங்க் இழுத்துட்டு போச்சு, மிச்ச கடன் 41,000க்கு என் மேல தீர்ப்பு. நான் தோட்டத்து கிளினிக்ல அட்டெண்டண்ட், சம்பளம் 1,900. ஜேடிஎஸ் சம்மன் வந்திருக்கு. பயமா இருக்கு, போகாம இருந்துடலாமான்னு பாக்கறேன்.
ஜாமின் போட்டவர்

பதில்: போங்க தம்பி. கண்டிப்பா போங்க. மேல ஒரு அண்ணன் எழுதியிருக்காரே அந்த கண்டிராக்டர், அவன் கட்ட மாட்டேங்கறவன். நீங்க கட்ட முடியாதவர். கோர்ட்ல உக்காந்திருக்கறவங்களுக்கு இந்த வித்தியாசம் தெரியணும்னா நீங்க நேர்ல நிக்கணும், வீட்டுல ஒளிஞ்சிருந்தா பேப்பர்ல நீங்களும் அவனும் ஒண்ணாத்தான் தெரிவீங்க, வாரண்ட் வரும். எனக்கு 29 வருஷத்துல ரொம்ப கஷ்டமா இருந்தது இந்த மாதிரி கேஸ்தான், பெய்லிஃப் கூட போன வீட்டுல ஒரு அம்மா எங்களுக்கு தேத்தண்ணி கலக்கி குடுத்துட்டு அழுதாங்க, மகனுக்கு ஜாமின் போட்டவங்க அவங்க. அன்னைக்கு அந்த வீட்டுல எடுக்க ஒரு தையல் மெஷினைத் தவிர ஒண்ணும் இல்ல, பெய்லிஃப் ஒண்ணும் இல்லன்னு எழுதிட்டு திரும்பிட்டாரு.

சம்பள சிலிப், கரண்ட் பில், தண்ணி பில், வீட்டு வாடகை, பிள்ளைங்க பள்ளி பஸ் காசு, அம்மா மருந்து செலவு, எல்லாத்துக்கும் ரெசிட் எடுத்துட்டு போங்க. மாசம் எவ்வளவு முடியும்னு மனசுல ஒரு தொகை வச்சுக்கோங்க, 100 முடியும்னா 100ன்னு சொல்லுங்க, பயந்து போய் 400ன்னு ஒத்துக்கிட்டு ரெண்டாவது மாசமே தவறிடாதீங்க. திவால் பயம் உங்களுக்கு வேண்டாம். 41,000 அந்த 1 லட்சத்த தொடல, அது போக 2017ல இருந்து சொந்த உபயோகத்துக்கு எடுத்த காடிக்கு லாபம் எதுவும் இல்லாம ஜாமின் போட்டவங்கள திவால் ஆக்க முடியாதுன்னு சட்டத்துலயே இருக்கு, சோஷியல் கேரண்டர்னு சொல்வாங்க. பேங்க் கூட பேச ஏகேபிகேல உதவி பண்ணுவாங்க, கடன் ஆலோசனை குடுக்கற அமைப்பு, நாட்டோட மத்திய வங்கி பேங்க் நெகாரா ஆரம்பிச்சது, காசு வாங்க மாட்டாங்க. ஈப்போல ஆபிஸ் இருக்கு. அக்கா மகன் கிட்டயும் பேசுங்க, நீங்க கட்டுற ஒவ்வொரு வெள்ளியையும் அவன் கிட்ட திரும்ப கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு, அதனால ரெசிட் எதையும் தொலைக்காதீங்க.

கேள்வி: எங்க வீட்டுக்காரரு 2016 ஆகஸ்ட்ல ஒருத்தர் மேல கேஸ் ஜெயிச்சாரு, 22,000 வெள்ளி. அப்ப அந்த ஆள் கிட்ட ஒண்ணும் இல்லன்னு விட்டுட்டாரு. இவர் தவறி போய் மூணு வருஷம் ஆச்சு. இப்ப அந்த ஆளுக்கு அவங்க அப்பாவோட கித்தா (ரப்பர்) தோட்டம் ரெண்டு ஏக்கர் பேர் மாறி வந்திருக்கு, விக்க போறாராம்னு ஊர்ல பேச்சு. பழைய பேப்பர் இன்னும் செல்லுமா அக்கா?
வாசகி, லிந்தாங்

பதில்: செல்லும் அம்மா. 2016 ஆகஸ்ட்ல தீர்ப்புன்னா 2028 ஆகஸ்ட் வரைக்கும் உயிர் இருக்கு. ஆனா ரெண்டு முடிச்சு இருக்கு. ஆறு வருஷம் தாண்டிட்டதால சொத்து மேல நடவடிக்கை எடுக்க கோர்ட்ல முதல்ல அனுமதி வாங்கணும். அப்புறம் வீட்டுக்காரர் இல்லாததால அவர் சார்பா நீங்க கேக்கறதுக்கு லெட்டர் ஆஃப் அட்மினிஸ்ட்ரேஷன், அதாவது இறந்தவர் சொத்தை நிர்வகிக்க குடுக்கற அதிகார பத்திரம், வேணும், அவர் சொத்துக்கு ஏற்கனவே எடுத்திருந்தீங்கன்னா அதையே கொண்டு போங்க, எடுக்கலன்னா உடனே ஆரம்பிங்க, அதுக்குத்தான் நாள் பிடிக்கும்.

முதல்ல பெஜாபாட் தானால அந்த ரெண்டு ஏக்கருக்கு கரியான் எடுத்து நிஜமாவே அவர் பேர்லதான் இருக்கான்னு பாருங்க, ஊர் பேச்சை நம்பி ஒரு காசும் செலவு பண்ணாதீங்க. பேர் இருந்துச்சுன்னா அந்த நிலத்துக்கு பிரிந்தா லாராங்கான் எடுக்கலாம், தடை உத்தரவு. அது கிராண்ட்ல ஏறிட்டா ஆறு மாசத்துக்கு அவரால விக்க முடியாது, அதுக்குள்ள மத்த வேலையை முடிக்கணும். வாங்கறவரோட லாயர் கரியான் எடுத்து பாத்ததும் இது தெரியும், அதனால பல தடவை ஏலம் வரைக்கும் போகாமலே விக்கிற காசுல இருந்து கட்டிடறாங்க.

ஒரிஜினல் தீர்ப்பு கிடைக்கலன்னா கேஸ் நம்பரை சொல்லி கோர்ட் ரிஜிஸ்ட்ரில சீல் வச்ச காப்பி கேளுங்க, நம்பரும் இல்லன்னா அப்ப கேஸ் நடத்துன லாயர் ஆபிஸ்ல கேளுங்க. வித்து கைமாறிட்டா நிலத்துல ஒண்ணும் பண்ண முடியாது, அதனால இந்த வாரமே போங்க. வீட்டுக்காரரோட இறப்பு பத்திரம், உங்க இசி (அடையாள கார்டு), கல்யாண பத்திரம் மூணையும் கையோட எடுத்துட்டு போங்க.